பேச்சு வரும் வரை காத்திருக்க வேண்டாம்

இரண்டரை வயதாகியும் குழந்தை இன்னும் வாய் திறக்கவில்லை என்றால், கொங்கு வீடுகளில் பெரும்பாலும் ஒரே ஆறுதல்தான் கிடைக்கும்: அவனுடைய அப்பாவும் நாலு வயதில்தான் பேசினார். ஆத்தா இதைச் சொல்வார், அம்மாவைப் பெற்ற அமுச்சி ஆமோதிப்பார், பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் பேரனை உதாரணம் காட்டுவார். நாக்கில் வசம்பு உரைத்துத் தடவுவது, குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள்வது, நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வை வெட்டிவிடலாமா என்று மருத்துவரைக் கேட்பது என்று ஓராண்டு ஓடிவிடும். தாமதமாகப் பேசத் தொடங்கி நன்றாகத் தேறிய பிள்ளைகள் ஊருக்கு நான்கு பேர் இருப்பதால் அந்த ஆறுதலை யாரும் சந்தேகிப்பதில்லை. ஆனால் தாமதத்துக்குப் பின்னால் மரபணுக் கோளாறு ஒன்று இருந்தால், காத்திருந்த அந்த ஓராண்டு குழந்தைக்குப் பெரிய நட்டம்.

இன்னொரு வகைக் காத்திருப்பும் உண்டு. கோவையில் ரத்தம் எடுத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பி, சில வாரங்களில் அறிக்கையும் வந்துவிடுகிறது. குரோமோசோம் எண், மரபணுவின் பெயர், யாருக்கும் புரியாத எழுத்துச் சங்கிலி. அந்தக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "எப்போது பேசும்?" நியாயமான கேள்விதான். ஆனால் பேச்சுப் பயிற்சித் துறையில் வேலை செய்கிறவள் என்ற முறையில் நான் அதற்கு முன்னால் வேறொரு கேள்வியை வைப்பேன். குழந்தைக்கு வேண்டியதை, வேண்டாததை, வலியை, சந்தோஷத்தை இன்றைக்கு அது எப்படித் தெரிவிக்கிறது? இதற்கு விடை சொல்லத் தெரிந்த வீட்டில் பயிற்சி அன்றைக்கே தொடங்கிவிடுகிறது.

பேச்சு என்று நாம் ஒரே சொல்லில் அடக்குவதற்குள் பல திறன்கள் இருக்கின்றன. பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வது ஒன்று. தனக்குள் இருப்பதை இன்னொருவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற நோக்கம் ஒன்று. எண்ணியதைச் சொல்லாக்கி, நாக்கையும் உதட்டையும் மூச்சையும் குரல்வளையையும் சரியான வரிசையில் இயக்குவது ஒன்று. யாரிடம் எந்த நேரத்தில் எதைச் சொல்வது என்ற பக்குவம் ஒன்று. பெரும்பாலான குழந்தைகளிடம் இவை கைகோத்துக்கொண்டு வளர்வதால், இவை வேறு வேறு என்பதே நமக்குத் தெரிவதில்லை. மரபணுக் கோளாறுள்ள குழந்தையிடம் ஒவ்வொன்றும் தனித்தனி வேகத்தில் வளர்கிறது. புரிதல் மூன்று வயதுக்கு இருக்கலாம், சொல் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். சொற்கள் கொட்டலாம், உரையாடல் நடக்காமல் போகலாம்.

பேச்சுக்கு வெகு முன்னாலேயே தொடர்பு தொடங்கிவிடுகிறது. பசித்து அழும் இரண்டு மாதக் குழந்தை யாரையும் கூப்பிடவில்லை. அழுகையின் பொருளை நாம்தான் கண்டுகொள்கிறோம். எட்டு, பத்து மாதவாக்கில் நிலைமை மாறுகிறது. குழந்தை பொம்மையைப் பார்க்கிறது, அம்மாவைப் பார்க்கிறது, மறுபடி பொம்மையைப் பார்க்கிறது. இப்போது அது இன்னொருவர் மனதை நோக்கிச் செய்தி அனுப்பத் தொடங்கிவிட்டது. 1970களில் எலிசபெத் பேட்ஸ் போன்ற ஆய்வாளர்கள் இந்தத் திருப்பத்தைத்தான் ஊன்றிக் கவனித்தார்கள். ஒரு வயதையொட்டி விரல் நீட்டிச் சுட்டுவது வருகிறது. அதிலும் இரண்டு விதம். பிஸ்கட் டப்பாவைச் சுட்டுவது கேட்பதற்காக. களத்தில் மயில் இறங்கும்போது அதைச் சுட்டிவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்ப்பது, தான் கண்டதை அம்மாவும் காண வேண்டும் என்பதற்காக. இரண்டாவது வகை வராமலே இருந்தால், வயதைச் சொல்லிக் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ரெட் சிண்ட்ரோம் என்ற மரபணுக் கோளாறில் இந்தத் திறன்களுக்கு இடையிலான பிளவை வெளிப்படையாகப் பார்க்கலாம். வியன்னாவில் ஆண்ட்ரியாஸ் ரெட் என்ற மருத்துவர், காத்திருப்பு அறையில் தாய்மார் மடியில் இருந்த இரண்டு சிறுமிகள் ஒரே மாதிரி கைகளைப் பிசைந்துகொண்டிருப்பதைக் கவனித்தார். 1966இல் அதைப் பற்றி எழுதினார். 1983இல் ஸ்வீடனின் பெங்ட் ஹாக்பெர்க்கும் சகாக்களும் 35 சிறுமிகளைப் பற்றி எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1999இல் ஹுடா ஸோக்பியின் ஆய்வுக்கூடம் காரணத்தைக் கண்டுபிடித்தது: எக்ஸ் குரோமோசோமில் உள்ள எம்.இ.சி.பி.2 என்ற மரபணு. ஏறக்குறைய பத்தாயிரம் பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை ஓரளவு சரியாக வளர்ந்த குழந்தை, கற்ற ஓரிரு சொற்களையும் கையால் பொருளை எடுக்கும் திறனையும் இழக்கிறது. கைகள் ஓயாமல் பிசைகின்றன. கையும் இல்லை, வாயும் இல்லை என்றால் பார்ப்பவர்கள் "ஒன்றும் புரியாது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் அப்படி முடிவுகட்டப்பட்ட சிறுமியைப் பார்த்தேன். திண்ணையில் சாய்வு நாற்காலி, கட்டுத்தரையில் இரண்டு மாடு, உள்ளே டிவி சத்தம். அமுச்சி ஒரு டம்ளரில் பாலும் இன்னொன்றில் இளநீரும் கொண்டுவந்தார். டிவியை நிறுத்தச் சொன்னோம். இரண்டு டம்ளரையும் சிறுமியின் கண்மட்டத்தில், தோள் அகல இடைவெளி விட்டுப் பிடித்து, "எது வேணும் சாமி?" என்று ஒரே ஒருமுறை கேட்கச் சொன்னேன். சிறுமி விட்டத்தைப் பார்த்தாள். கைகள் பிசைந்தன. மூச்சை அடக்கிக்கொண்டாள். சித்தப்பா பொறுக்க முடியாமல் மறுபடி கேட்க வாயெடுத்தார், அமுச்சி கையமர்த்தினார். எல்லோரும் நம்பிக்கை இழந்த நேரத்தில் கண்கள் கீழே இறங்கி இளநீர் டம்ளரில் நின்றன, பிறகு அமுச்சியின் முகத்துக்கு வந்தன. டம்ளர்களை இடம் மாற்றிப் பிடித்தோம். மறுபடியும் அதே நெடுநேரம், மறுபடியும் இளநீர்.

அந்த நெடுநேரம்தான் விஷயம். ரெட் உள்ள குழந்தைகளுக்கு எண்ணத்தை உடல் அசைவாக மாற்றுவதில் கடுமையான தடை இருக்கிறது. பதில் வர பல நொடிகள், சில நாட்களில் அதற்கும் மேல் ஆகும். நாமோ மூன்று நொடிக்குள் கேள்வியைத் திருப்பிக் கேட்கிறோம். கேட்டவுடன் அந்தக் குழந்தையின் முயற்சி கலைந்து முதலிலிருந்து தொடங்குகிறது. 2020இல் வெளியான ரெட் தொடர்புக்கான சர்வதேச வழிகாட்டுதல்கள் காத்திருப்பதையும் கண் எங்கே பார்க்கிறது என்று கவனிப்பதையும் முதன்மையாக வலியுறுத்துகின்றன. கண் நகர்வைப் படிக்கும் கணினிகள் விலை அதிகம். இரண்டு டம்ளரும் பொறுமையும் எல்லா வீட்டிலும் உண்டு. 2023இல் அமெரிக்காவில் டிரோஃபினெடைட் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்திருப்பது நல்ல செய்தி. அது நோயை வேரோடு போக்கும் மருந்தாக இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஏஞ்சல்மன் சிண்ட்ரோம் வேறு விதமாக ஏமாற்றும். ஹாரி ஏஞ்சல்மன் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1965இல் இதை விவரித்தார். 15ஆம் குரோமோசோமில் உள்ள யூ.பி.இ.3ஏ என்ற மரபணுவில், மூளையின் நரம்பணுக்களில் தாயிடமிருந்து வந்த பிரதி மட்டுமே வேலை செய்கிறது. தந்தையின் பிரதி உறங்கிக்கிடக்கிறது. தாயின் பிரதி இல்லாமலோ கெட்டோ போனால் ஏஞ்சல்மன் வருகிறது. இந்தக் குழந்தைகள் எளிதில் சிரிப்பார்கள், உற்சாகத்தில் கைகளை உதறுவார்கள், தள்ளாடி நடப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு வலிப்பு வரும். பேச்சு ஓரிரு சொல்லைத் தாண்டுவது அரிது. புரிதல் அதைவிடப் பல மடங்கு மேலே இருக்கும். சிரித்த முகத்தைப் பார்த்து "இவனுக்கு ஒரு குறையும் இல்லை" என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து, ஏனென்றால் பதற்றத்திலும் அசௌகரியத்திலும்கூட அந்தச் சிரிப்பு வரலாம். கையைப் பிடித்து இழுத்துச் செல்வது, பொருளைத் தள்ளுவது, முகத்தைத் திருப்புவது ஆகியவைதான் அவர்களுடைய சொற்கள். அவற்றைச் செம்மைப்படுத்தி எல்லோருக்கும் புரிகிற சைகையாக்குவது பேச்சை மட்டும் துரத்துவதைவிடப் பலன் தரும்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் கடந்துபோக மனமில்லை. ஏஞ்சல்மன் குழந்தைகளுக்குத் தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை. கீழ்பவானி வாய்க்கால் கரையிலும் பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் கரையிலும், சுற்றுச்சுவர் இல்லாத கிணறு உள்ள தோட்டங்களிலும் குடியிருப்பவர்கள் வேலியையும் கதவுத் தாழ்ப்பாளையும் முதல் நாளே சரி செய்யுங்கள். விழுந்தால் கூப்பிடக் குரல் இல்லாத குழந்தை அது.

டவுன் சிண்ட்ரோம் நம் ஊர்களில் அதிகம் பேர் அறிந்தது. 1866இல் ஜான் லாங்டன் டவுன் விவரித்தார். 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதே காரணம் என்று 1959இல் ஜெரோம் லெஜூனும் சகாக்களும் காட்டினார்கள். இங்கும் புரிதல் முன்னே, பேச்சு பின்னே. காரணங்களில் சில முற்றிலும் உடல் சார்ந்தவை. தசைகள் தளர்வாக இருக்கும், வாய்க்குள் இடம் குறைவு, நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது மிகச் சாதாரணம். பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் கேட்கும் திறன் குறைகிறது. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக்கூடத்தை ஒட்டிய வீட்டில் வளரும் குழந்தைக்கு கேட்கும் திறன் லேசாகக் குறைந்திருந்தாலே அம்மாவின் சொற்களில் பாதி தறிச் சத்தத்தில் கரைந்துபோகும். தறி ஓடாத நேரத்தையும் உள்ளறையையும் பேச்சு விளையாட்டுக்கு ஒதுக்குங்கள். காதுப் பரிசோதனையைக் குழந்தைக்காலம் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

அவர்களிடம் ஒரு பெரிய பலமும் உண்டு. காதால் கேட்டதை நினைவில் நிறுத்துவது கடினம். கண்ணால் பார்த்தது நன்றாகத் தங்கும். 1980களில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் சூ பக்லி, டவுன் சிண்ட்ரோம் உள்ள சின்னக் குழந்தைகளுக்கு எழுதிய சொற்களைக் காட்டிக் கற்பிக்கத் தொடங்கியபோது, படிப்பின் வழியாகப் பேச்சும் வளர்வதைக் கண்டார். "பேசவே இல்லை, எழுத்து எதற்கு?" என்று பால்வாடியிலேயே ஓரம்கட்டப்படும் நம் குழந்தைகளுக்கு இது அவசியம் எட்ட வேண்டிய செய்தி. "பால்", "பந்து", "அம்மா" என்று பெரிய எழுத்தில் எழுதிய அட்டைகளைப் படத்தோடு காட்டுங்கள். சைகையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள்.

ஃபிராஜைல் எக்ஸ் பெரும்பாலும் பையன்களைக் கடுமையாகப் பாதிக்கிறது. எக்ஸ் குரோமோசோமில் எஃப்.எம்.ஆர்.1 என்ற மரபணுவின் ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்ப அச்சாகி நீள்கிறது. 200 முறையைத் தாண்டினால் மரபணு முடங்கிவிடுகிறது. 1991இல் இது கண்டறியப்பட்டது. இந்தப் பிள்ளைகளில் பலர் பேசுவார்கள், ஆனால் வேகமாக, ஒரே வாக்கியத்தைச் சுற்றிச் சுற்றி. கண்ணைப் பார்க்கச் சொன்னால் பதறிவிடுவார்கள். இதில் நம் பண்பாடு ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. வீட்டுக்கு வந்தவரை "வாங்க" என்று கேட்காத பிள்ளையைக் கொங்கு நாட்டில் யாரும் மன்னிப்பதில்லை. விருந்தாளி முன் நிறுத்தி, முகத்தை நிமிர்த்தி, "மாமாவை வாங்கன்னு சொல்லு" என்று வற்புறுத்தும்போது அவன் கையைக் கடித்துக்கொள்கிறான், உடனே "அடங்காதவன்" என்ற பெயர் வந்துவிடுகிறது. எதிரே நிற்காமல் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு வேலையைச் சேர்ந்து செய்துகொண்டே, அவனைப் பார்க்காமல் பேச்சுக் கொடுங்கள். கை கூப்பினால் போதும், அதுவும் மரியாதைதான் என்று மாமாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

வேறு சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வில்லியம்ஸ் சிண்ட்ரோமில் 7ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு காணாமல் போகிறது. குழந்தை ஊரெல்லாம் நட்பாகப் பேசும். பேச்சின் சரளத்தைப் பார்த்துப் புரிதலும் அதே அளவில் இருக்கும் என்று ஆசிரியர்கள் எண்ணிவிடுவார்கள். 22ஆம் குரோமோசோமின் சிறு துண்டு இல்லாத குழந்தைகளுக்கு மேலண்ணம் சரியாக மூடாமல் குரல் மூக்கு வழியாக வரும். இதயக் கோளாறுக்கு அறுவை நடந்த குழந்தை மூக்கால் பேசினால் இதை நினைக்க வேண்டும். லண்டனில் மூன்று தலைமுறையாகப் பாதிபேருக்குப் பேச்சின் வாய் அசைவுகளே கோவையாக வராமலிருந்த ஒரு குடும்பத்தை ஆராய்ந்து, 2001இல் ஃபாக்ஸ் பி2 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதைப் பேச்சு மரபணு என்று செய்தித்தாள்கள் கொண்டாடின; பேச்சுக்கென்று தனி மரபணு எதுவும் கிடையாது. அந்த மரபணு மற்ற பலவற்றை இயக்கும் கட்டுப்பாட்டு மரபணு.

அறிக்கை வந்ததும் வீட்டில் நடக்கும் விசாரணையைப் பற்றியும் பேச வேண்டும். சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்பார்கள். அந்நியத்தில் கட்டியிருந்தால், பெண் எடுத்த இடம் சரியில்லை என்பார்கள். கொங்கு வேளாளர்களில் ஒரே கூட்டத்துக்குள், அதாவது ஒரே குலத்துக்குள், திருமணம் கிடையாது. ஆனால் அத்தை மகள், மாமன் மகள் உரிமை பலருக்கும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நான்கில் ஒன்றுக்கும் சற்று மேலான திருமணங்கள் சொந்தத்துக்குள் நடக்கின்றன. நெருங்கிய உறவில் கட்டும்போது, தாய், தந்தை இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே மரபணுவின் கெட்ட பிரதிகள் குழந்தையிடம் சேர்ந்துவிடும் வகை நோய்கள் கூடுகின்றன என்பது உண்மை. செவித்திறன் குறைபாட்டிலும் பல வளர்சிதை மாற்றக் கோளாறுகளிலும் இதைக் காண்கிறோம். ஆனால் ரெட், டவுன், ஏஞ்சல்மன், வில்லியம்ஸ் ஆகியவை பெரும்பாலும் புதிதாக, தற்செயலாக ஏற்படுபவை. பெற்றோர் உறவினரா இல்லையா என்பதற்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. மருமகளைக் குற்றவாளியாக்கிக் கழித்த மாதங்களில் அந்தக் குழந்தைக்கு எதுவும் கிடைக்கவில்லை.

ஃபிராஜைல் எக்ஸ் மட்டும் குடும்ப மரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. மரபணுத் துண்டு 55லிருந்து 200 முறை வரை நீண்டிருப்பவர்கள் ஃபிராஜைல் எக்ஸ் கோளாறு இல்லாமல் அதைச் சுமப்பவர்கள். தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது அது மேலும் நீளலாம். பேசத் தாமதிக்கும் பேரன், நாற்பதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோன தாய், அறுபதைத் தாண்டியபின் கை நடுங்கித் தள்ளாடும், தாயைப் பெற்ற அப்புச்சி என மூன்றும் ஒரே காரணத்தின் மூன்று முகங்களாக இருக்கலாம். மருத்துவரிடம் போகும்போது மூன்று தலைமுறையையும் சொல்லுங்கள். இதை யாரும் செய்த தவறாகக் கணக்கில் வைக்கக் கூடாது. சித்தி, பெரியம்மா வீட்டுப் பெண்கள் தங்கள் பிள்ளைப்பேறு பற்றி முடிவெடுக்க அந்தத் தகவல் உதவும்.

பரிசோதனை என்றால் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் காட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. சாதாரண குரோமோசோம் பரிசோதனை டவுனைக் காட்டும், சிறிய துண்டு இழப்புகளைக் காட்டாது. அதற்கு மைக்ரோ அர்ரே. தனி மரபணுவின் எழுத்துப்பிழைக்கு எக்ஸோம். ஏஞ்சல்மனுக்கு மெத்திலேஷன் பரிசோதனை. ஃபிராஜைல் எக்ஸைத் தனியாகக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும்; மற்றவை அதைத் தவறவிடும். "எல்லாம் நார்மல்" என்று அறிக்கை வந்தால், எந்தப் பரிசோதனையில் நார்மல் என்று கேளுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் காதுப் பரிசோதனை. அறிக்கையில் பெயர் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தொடர்புப் பயிற்சியை நிறுத்திவைக்கக் காரணமில்லை.

மாற்று வழிகளைப் பற்றிப் பெற்றோருக்கு இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. படத்தைக் காட்டிப் பழகினால், சைகை கற்றுக்கொண்டால், வாய் சோம்பேறியாகிவிடுமே என்கிறார்கள். 2006இல் டயான் மில்லர், ஜேனிஸ் லைட், ரால்ஃப் ஷ்லாசர் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நம்பத்தகுந்த முறையில் சோதிக்கப்பட்ட 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. 89 சதவீதம் பேருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. கூடிய அளவு பெரிதில்லை என்பதையும் அவர்களே சொன்னார்கள். பயப்பட ஆதாரமில்லை என்று தெரிந்துகொள்ள இது போதும்.

படங்களைக் கொடுத்துவிட்டு "காட்டு, காட்டு" என்று கேட்டால் நடக்காது. ஒரு குழந்தை ஏறக்குறைய ஓராண்டு பேச்சைக் கேட்ட பிறகே முதல் சொல்லைச் சொல்கிறது. படத்தால் பேச வேண்டிய குழந்தையிடம் நாமும் அத்தனை காலம் படத்தைத் தொட்டுத் தொட்டுப் பேச வேண்டும். "சாப்பாடு", "தண்ணீர்", "பாத்ரூம்" என்று பொருட்பெயர்களை மட்டும் ஒட்டுவது இன்னொரு குறை. "வேண்டாம்", "போதும்", "இன்னும்", "வலிக்கிறது", "நீ வா" ஆகியவைதான் நாள் முழுக்கத் தேவைப்படும் சொற்கள். முதலில் "வேண்டாம்" என்பதைக் கொடுங்கள். மறுக்க வழியில்லாத குழந்தைதான் தட்டைத் தள்ளிவிடுகிறது, தலையைச் சுவரில் மோதுகிறது. அது "வேண்டாம்" அட்டையைக் காட்டிய முதல் சில வாரங்கள் ஊட்டிய கையை நிறுத்துவது அமுச்சிகளுக்குப் பெரும் சோதனை. ஆனால் அட்டைக்கு மதிப்பு உண்டு என்று குழந்தை நம்புவது அப்போதுதான்.

சென்னையில் உருவான, படத்தைத் தொட்டால் குரல் தரும் ஆவாஸ் செயலியில் தமிழும் உண்டு, டேப்லெட்டிலோ போனிலோ பயன்படுத்தலாம். ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்வேன். செயலியின் குரல் ஏட்டுத் தமிழில் பேசும். அவிநாசியிலோ கோபியிலோ வளரும் குழந்தை காலையிலிருந்து கேட்பது "ங்க" சேர்ந்த மரியாதைப் பேச்சு. பெரியவர்கள் குழந்தையையே "வாங்க சாமி, சாப்பிடுங்க தங்கம்" என்று கூப்பிடும் ஊர் இது. முக்கியமான சொற்களை அக்காவின் குரலிலோ அண்ணனின் குரலிலோ வீட்டுப் பேச்சாகவே பதிவு செய்யுங்கள். அச்சிட்ட புத்தகமாக ஒரு பிரதியும் இருக்கட்டும். சார்ஜ் தீர்ந்ததும் குழந்தை ஊமையாகிவிடக் கூடாது.

பயிற்சி மையத்தில் வாரம் அரை மணி நேரம் கிடைத்தால் அதிகம். மிச்ச நேரம் வீட்டில்தான். பனியன் கம்பெனி ஷிப்டு முடித்து இரவு வரும் தாயிடம் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கு என்று சொல்வது கொடுமை, அது தேவையுமில்லை. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகப் பங்கு வைத்து, கையில் நண்டு ஊரவிட்டு அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டு எல்லோருக்கும் தெரியும். அதை நாள்தோறும் ஒரே மாதிரி விளையாடுங்கள். பழகிய பிறகு, நண்டு முழங்கையைத் தாண்டியதும் நிறுத்திவிட்டு முகத்தைப் பாருங்கள். குழந்தை கையை நீட்டலாம், குரல் கொடுக்கலாம், கண்ணைப் பார்க்கலாம், உடம்பை முன்னே தள்ளலாம். எது வந்தாலும் அதைச் சொல்லாகவே எடுத்துக்கொண்டு "இன்னும் வேணுமா" என்று சொல்லிக் கூசச் செய்யுங்கள். கேட்டால் நடக்கும் என்பதைக் குழந்தை இப்படித்தான் கற்கிறது. கூட்டுக்குடும்பங்களில் எதிர்ப்பக்கச் சிக்கல் ஒன்று உண்டு. குழந்தை கேட்பதற்கு முன்பே ஐந்து பேர் அதன் மனதை அறிந்து எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள். அன்பில் குறையில்லை, கேட்க மட்டும் வாய்ப்பில்லை. தண்ணீர் பாட்டிலைக் கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டாத இடத்தில் வைத்துச் சற்று நில்லுங்கள்.

மொழி விஷயத்திலும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கொங்கு நாட்டில் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசி, வாசலைத் தாண்டினால் தமிழ் பேசும் குடும்பங்கள் பல்லாயிரம். திருப்பூரில் ஒடியாவும் இந்தியும் பேசும் வீடுகளும் சேர்ந்துவிட்டன. குழந்தைக்குக் கோளாறு என்றதும் ஒரே மொழியில் பேசுங்கள், பள்ளிக்காக அது ஆங்கிலமாக இருக்கட்டும் என்று அறிவுரை வருகிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள இருமொழிக் குழந்தைகளை ஒருமொழிக் குழந்தைகளோடு ஒப்பிட்டு 2005இல் கனடாவில் வெளியான ஆய்வு, இரண்டாவது மொழியால் முதல் மொழி பின்தங்கவில்லை என்று காட்டியது. பாட்டியின் மொழியைப் பறித்தால் குழந்தை பாட்டியையும் இழக்கிறது. அம்மா தட்டுத்தடுமாறிப் பேசும் ஆங்கிலத்தில் தாலாட்டும் இல்லை, கொஞ்சலும் இல்லை, கதையும் இல்லை. உங்களுக்கு எந்த மொழி தானாக வருகிறதோ அதிலேயே பேசுங்கள்.

உதவி எங்கே? அங்கன்வாடி, பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழு 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் வளர்ச்சித் தாமதத்தையும் பார்க்க வேண்டும். அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் அனுப்பும் இடம், பெற்றோர் டி.இ.ஐ.சி. என்றே சொல்லும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் பள்ளிக்கும், தேவைப்பட்டால் வீட்டுக்கும் வருவார். சிறப்புக் கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் அவினாசிலிங்கம் பல்கலைக்கழகமும் பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயமும் கோவையிலேயே இருக்கின்றன. விரிவான மதிப்பீட்டுக்கு மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்துக்குச் சத்தியமங்கலம், திம்பம் வழியாகவே போகலாம். மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு, பகல் பஸ்ஸைப் பாருங்கள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. அதில் ரெட், ஏஞ்சல்மன், டவுன் என்ற பெயர்களைத் தேடினால் கிடைக்காது. அறிவுசார் குறைபாடு, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகிய தலைப்புகளில் ஒன்றில்தான் சான்று கிடைக்கும். பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பினால் மனம் தளராமல் அந்தத் தலைப்பைச் சொல்லிக் கேளுங்கள். தேசிய அடையாள அட்டை, கடும் பாதிப்புள்ளவர்களுக்கு மாநில அரசு தரும் மாதம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகை, நிராமயா திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு ஆகிய எல்லாமே அந்தச் சான்றிலிருந்துதான் தொடங்குகின்றன.

கடைசியாக, இந்த வாரமே செய்யக்கூடிய ஒரு வேலை. 1990களில் ஸ்காட்லாந்தில், பேச முடியாதவர்களுக்காகத் தொடர்புக் கையேடு என்ற எளிய முறையை உருவாக்கினார்கள். ஓரிரு பக்கத்தில், குழந்தையே சொல்வதுபோல் எழுத வேண்டும். "பசித்தால் அடுப்படிப் பக்கம் பார்ப்பேன். வயிறு வலித்தால் சத்தமாகச் சிரிப்பேன், கால்களை மடக்கிக்கொள்வேன். காது வலித்தால் தலையை இடது பக்கம் தட்டுவேன். கேள்வி கேட்டால் இருபது எண்ணும் வரை எனக்கு நேரம் கொடுங்கள். ஆமாம் என்றால் உங்கள் முகத்தைப் பார்ப்பேன், இல்லை என்றால் கண்ணை மூடிக்கொள்வேன்." மலச்சிக்கலோ பல்வலியோ காதுவலியோ இருந்து அதைச் சொல்லத் தெரியாமல் தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் குழந்தைக்கு, காரணம் புரியாமல் தூக்க மருந்து கொடுக்கப்படுவது உண்டு. கையேட்டின் ஒரு பிரதி வகுப்பாசிரியரிடம், ஒன்று பள்ளி வேனில், ஒன்று அமுச்சி வீட்டில், ஒன்று மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவிட்டு, பணி மாறி வரும் ஒவ்வொரு செவிலியரிடமும் அதைப் படிக்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்தி எழுதுங்கள். புதிதாகச் சேர்ந்த வரிகளை அடுத்த முறை பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.